பாணிக்கு வந்த ரத்தம்

நெடுங்கரட்டில் முதல் ரத்தம் பரோட்டா மாஸ்டர் பீர்முகம்மதுவின் உள்ளங்கையில் வந்தது. ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, சந்தை நாள், காலை பதினொரு மணி. கல்லிலிருந்து எடுத்த ஆறு பரோட்டாவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இரண்டு பக்கமும் உள்ளங்கையால் மூன்று அடி அடித்து, அடுக்கைக் கால்வாசி திருப்பி, அடித்ததற்கு மன்னிப்புக் கேட்கிற மாதிரி நாலாவதாக ஒரு மெல்லிய தட்டு தட்டுவது அவர் வழக்கம். அந்தத் தட்டைப் பார்ப்பதற்காகவே பஸ்ஸை விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. அன்றைக்கு ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் புதிதாகக் கடை போட்ட தவசி, கூட்டத்தை இழுப்பதற்காக அதே மூன்று அடியையும் அதே திருப்பலையும் அதே மன்னிப்பையும் தன் கல்லில் செய்து காட்டினான். செய்த அந்த நொடியில் இங்கே பீர்முகம்மதுவின் இரண்டு உள்ளங்கையும் பிளந்து ரத்தம் பரோட்டா மேல் கொட்டியது. சாப்பிட உட்கார்ந்திருந்த லாரி டிரைவர் இலையைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டு, அடுத்த செட்டிலிருந்து கொடுங்கள் பாய் என்று சொன்னார்.

அந்த வாரத்துக்குள் பூக்காரி குருவம்மாளுக்கு வந்தது. மல்லிகைக்கு எல்லோரும் நாரை ஒரு சுற்று சுற்றினால் அவள் ஒன்றரைச் சுற்று சுற்றுவாள், அதைத் தெற்குத்தெருப் பெண் ஒருத்தி சுற்றிப் பார்க்க, குருவம்மாளின் பத்து விரல் நுனியும் கசிந்து, அன்றைக்கு ஊர்ப் பெண்கள் எல்லாம் சிவப்புப் புள்ளி விழுந்த பூவைத்தான் வைத்துக்கொண்டு போனார்கள். நாவிதர் மூக்காண்டிக்குக் கட்டைவிரலில் வந்தது. தவில்காரர் குப்புராஜுக்கு வந்தபோதுதான் விஷயத்தின் முழு நீளமும் தெரிந்தது. அன்றைக்கு அவரைத் தவிர ஊரில் யாரும் தவிலைத் தொடவில்லை. கையில் கட்டோடு கொத்துப் பரோட்டா போட்டுக்கொண்டிருந்த பீர்முகம்மது, கோவிலில் கேட்ட தவில் அடியைத் தன்னையறியாமல் கல்லில் கொத்தியிருக்கிறார், இரண்டு தெரு தள்ளி குப்புராஜின் மணிக்கட்டு கிழிந்தது. ஆக, பாணி என்பது தவிலிலும் இல்லை, பரோட்டாவிலும் இல்லை, பூவிலும் இல்லை, அது செய்கிற விதத்தில் இருக்கிறது, எந்தத் தொழிலிலிருந்து எந்தத் தொழிலுக்கு வேண்டுமானாலும் தாவும் என்று நெடுங்கரடு கண்டுகொண்டது. கண்டுகொண்ட கையோடு குப்புராஜின் மச்சினன்மார் இரும்புக் கரண்டியைப் பிடுங்கி பீர்முகம்மதுவின் மண்டையைப் பிளந்தார்கள்.

ஏன் இப்படி ஆனது என்று யாரும் ரொம்ப நாள் விசாரிக்கவில்லை. கண்மாய்த் தண்ணீர் என்றார்கள், புதிதாக நட்ட செல்போன் கோபுரம் என்றார்கள், அதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது, ஆளாளுக்கு வேலை இருந்தது. ரயில்வே கேட்டிலிருந்து கண்மாய் மடைவரை உள்ளவர்களுக்கு மட்டும், அந்த எல்லைக்குள் யாராவது செய்தால் மட்டும் இது நடந்தது. மருந்துக் கடைக்காரர் பஞ்சும் டிஞ்சரும் கட்டுத்துணியும் வண்டியில் இறக்கினார். பெண் பார்க்க வந்தவர்கள் மாப்பிள்ளைக்கு என்ன சம்பளம் என்று கேட்பதற்கு முன்னால் ரத்தம் வருமா என்று கேட்டார்கள். ரத்தம் வந்தவர்கள் கட்டைக் கழற்றவே இல்லை, வராதவர்கள் பிளேடால் ரகசியமாகக் கீறிக்கொண்டு கட்டுப்போட்டுத் திரிந்தார்கள். எதிரியைக் கொல்ல நினைத்தவன் அரிவாளை வைத்துவிட்டு, எதிரி எப்படி நாற்று நடுகிறான், எப்படி மாட்டுக்கு லாடம் அடிக்கிறான் என்று வேலியோரம் நின்று கவனிக்கத் தொடங்கினான். இன்ஸ்பெக்டர் சட்டப் புத்தகத்தை மூன்று நாள் புரட்டிப் பார்த்துவிட்டு, ஒருவன் மாதிரி ஒருவன் நாற்று நடுவது எந்தச் செக்‌ஷனிலும் குற்றமில்லை என்று சொல்லிவிட்டார்.

எனக்கும் வந்தது. என் பெயர் தங்கப்பழம், பஜாரில் ராணி டெய்லர்ஸ் வைத்திருப்பவன். காலையில் சாப்பாடு நேரமாகிவிட்டது என்று வீட்டில் கொஞ்சம் சத்தம் போட்டுவிட்டுக் கடைக்கு வந்த நாள் அது. ஒரு சட்டைக் காலரை ஓட்டிக்கொண்டிருந்தேன், வலது குதிகால் வெடித்து மிஷின் பெடல் முழுக்க ரத்தம். முப்பது வருஷமாக என் திறமை காலரில் இருக்கிறதென்று நினைத்திருந்தவன், ரத்தம் குதிகாலில் வந்ததும், ஓடுகிற மிஷினைச் சட்டென்று மிதித்து நிறுத்துகிற விதத்தில்தான் நம் பாணி இருக்கிறது போலிருக்கிறது என்று ஏற்றுக்கொண்டேன். என்னைப் பார்த்துத் தொழில் பழகியவன் ஊரில் ஒருவன்தான், தெற்குத்தெரு அருணகிரி. கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு நொண்டி நொண்டிப் போய் அவன் தோளில் குத்தினேன். அவன் மகளுக்குக் காய்ச்சலென்று காலையிலிருந்து ஆஸ்பத்திரியில் கிடந்ததாகவும், மிஷினைத் தொடவே இல்லை என்றும் ரத்தம் வடிய வடியச் சத்தியம் செய்தான். எட்டுத் தையல் போட்டார்கள். நான் நம்பவில்லை. கட்டுப்போட்ட குதிகாலை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நீட்டிக்கொண்டு ஒரு மாதம் பஜாரில் உட்கார்ந்திருந்தேன், வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

ரத்தம் வராத பெரிய மனிதர் ஒருவர் இருந்தார். ஜின்னிங் மில் முதலாளி கோட்டைச்சாமி. சந்தைக் குத்தகை அவருடையது, கோவில் கமிட்டி அவருடையது, பஜாரில் பாதிக் கட்டடம் அவருடையது. தேய்த்த சட்டை, தடித்த மீசை, தொண்டையைச் செருமிவிட்டுப் பேசுகிற பேச்சு எல்லாம் இருந்தது. அவருடைய மனைவி சீனியம்மாளுக்கு முப்பத்தெட்டு வயதிருக்கும். அவளிடம் பேச வேண்டுமென்றால் ஊரில் யாராக இருந்தாலும் அவள் வலப்பக்கம் போய் நின்றுதான் பேசுவார்கள், இடது காது கேட்காது. ஏன் கேட்காது என்று யாரும் யாரிடமும் கேட்டதில்லை, அது எல்லோருக்கும் தெரியும். அவள் ரவிக்கை எல்லாம் நான் தைத்தவை. கை முழங்கைவரை வரட்டும், முதுகு ஏறி இருக்கட்டும் என்பாள், நான் அளவெடுக்கும்போது கண்ணைத் தாழ்த்திக்கொண்டு டேப்பைத் தொளதொளவென்று பிடிப்பேன். வீட்டுக்கு வீடு உள்ளதுதானே, இந்த ஆளுக்குக் கொஞ்சம் கை நீளம், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொள்வேன். அப்படி நினைத்ததற்கு இப்போது என் மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

அவர் அடிக்கிற விதமும் தெரியும், மில்லில் பஞ்சு பொறுக்குகிற பெண்களையும் அப்படித்தான் அடிப்பார். முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றி, துண்டால் துடைத்து, முகம் கீழே இருக்கும்படி ஓரிடத்தில் வைப்பார். சட்டைக் கையை இரண்டு மடிப்பு மடிப்பார். அடிக்கப்போகிற ஆளின் பெயரை ஒரே ஒரு தடவை பிரியமாகக் கூப்பிடுவார். பிறகு இடது புறங்கையால் காதுக்குக் கீழே ஒன்று வைப்பார். வைத்துவிட்டுக் காத்திருப்பார். அடி வாங்கியவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்கும்வரை காத்திருந்து, பார்த்ததும் அடுத்ததை வைப்பார்.

ஆவணி பிறந்தும் தமக்கு ரத்தம் வராதது அவரைத் தின்றது. மில் கணக்குப்பிள்ளையைத் தம் மாதிரி நடக்கச் சொன்னார், டிரைவரைத் தம் மாதிரி செருமச் சொன்னார், மீசையை அதே மாதிரி முறுக்க ஏழு பேரை வரிசையில் நிறுத்தினார். சொட்டு ரத்தம் வரவில்லை. ஏழு பேரும் ஒழுங்காகச் செய்யவில்லை என்று ஏழு பேரையும் அடித்து நொறுக்கினார். பஸ் ஸ்டாண்டில் தட்டைக் குலுக்குகிற விதத்துக்காகப் பிச்சைக்காரன் ஒருவனுக்கு விரல் கிழிந்ததைக் கேள்விப்பட்ட அன்று, அவனை மில்லுக்கு வரவழைத்து அந்த விரலைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கினார். அதற்குப் பிறகும் அவருக்கு ஆறவில்லை. மச்சினனைக் கூப்பிட்டனுப்பினார்.

மச்சினன் சந்தனராஜ் சீனியம்மாளின் கூடப்பிறந்த தம்பி, சுவர் விளம்பரம் எழுதுகிறவன். சுவருக்கு வெள்ளையடித்து, நீலப்பொடி தடவிய நூலைச் சுண்டிக் கோடு போட்டு, எழுத ஆரம்பித்தானென்றால் ஓர் எழுத்து முடியும்வரை மூச்சு விடமாட்டான். மற்றவர்கள் எழுத்துக்கு நிழல் கீழே விழும், அவன் எழுத்துக்கு நிழல் மேலே ஏறும், அதனால் தெருவில் நடக்கும்போது எழுத்துகள் சுவரைவிட்டு இறங்கி வருகிற மாதிரி இருக்கும். அவனை யாராவது காப்பியடித்தால் மூக்கில் ரத்தம் வரும், அவன் பாணி மூச்சில் இருந்தது.

எனக்கு ஒரு பாணி செய்து கொடு என்று கோட்டைச்சாமி கேட்டார். சந்தனராஜ் பயந்துகொண்டே செய்து கொடுத்தான். நாலு எட்டுக்கு ஒரு தடவை நின்று நடக்கிற நடை, சதுரமாக மடித்து வலது தோளில் போடுகிற துண்டு, கும்பிடும்போது கையைக் காதுவரை கொண்டுபோகிற ஒரு தினுசு. யார் கண்ணிலும் படாமல் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் போய் ஒரு மாதம் பழகினார். புரட்டாசியில் ஒரு சந்தை நாளில், கூட்டத்துக்கு நடுவே, கணக்குப்பிள்ளையை அதேபோல் நடந்து கும்பிடச் சொல்லிவிட்டுக் கையை விரித்துக்கொண்டு நின்றார். எல்லோரும் அவரையே பார்த்தோம். அவருக்குப் பின்னால் நின்ற சந்தனராஜ்தான் மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், விரலிடுக்கு வழியாக ரத்தம் கொட்டியது. அத்தனைக்கும் உடையவன் அவன்தானே. கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள்.

சந்தனராஜ் மூக்கைத் துடைத்துக்கொண்டே, "அத்தான், இது நான் யோசிச்சுச் செஞ்சது. ஒங்களோடது வேணும்னா நீங்க யோசிக்காமச் செய்யிறது எதுன்னு பாக்கணும்" என்று சொன்னான். நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். கோட்டைச்சாமிக்குச் சிரிப்புச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

அந்த நேரம் பார்த்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு சாவு நடந்தது. ஆண்டுவிழாவில் குருவம்மாளைக் கௌரவிக்க வேண்டும் என்று தலைமையாசிரியை ஆசைப்பட்டார். திருட்டுத்தனமாகச் செய்தால்தான் ரத்தம் வரும், மரியாதையாகச் செய்தால் வராது என்று அந்த அம்மா உண்மையாகவே நம்பினார், நாங்களும் நம்பினோம். குருவம்மாளுக்குச் சால்வை போர்த்தி முன்வரிசை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, மேடையில் அறுபது பெண்பிள்ளைகள் ஒரே சமயத்தில் ஒன்றரைச் சுற்றில் மல்லிகை கட்டினார்கள். கைதட்டு அடங்குவதற்குள் சால்வை நனைந்து நாற்காலிக்குக் கீழே ரத்தம் ஓடியது. பிள்ளைகள் ரத்தத்தைப் பார்க்கவில்லை, கட்டி முடித்த சரத்தை அவள் கழுத்தில் போடத்தான் இறங்கி வந்தார்கள். கோட்டைச்சாமி அன்றைக்குச் சிறப்பு விருந்தினர்.

மறுநாளே நாற்பது சுவர்களுக்கு வெள்ளையடிக்க ஆள் விட்டார். அசலூர்களிலிருந்து சுவர் விளம்பரம் எழுதுகிற நாற்பது பேரை வரவழைத்து மில் கிடங்கில் தங்கவைத்து, சந்தனராஜ் எழுதிய சுவர்களைக் காட்டி, ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் பத்து நாள் பழகச் சொன்னார். ஐப்பசிச் சந்தை அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு நாற்பது சுவரிலும் ஒரே சமயத்தில் அவர் பெயரை அவன் பாணியில் எழுத வேண்டும். இன்ஸ்பெக்டரிடம் போய்க் கேட்டோம். சொந்தச் சுவரில் சொந்தப் பெயரை எழுதுவதற்கு என்ன செக்‌ஷன் என்று அவர் எங்களையே திருப்பிக் கேட்டார். சந்தனராஜை ஊரைவிட்டு ஓடச் சொல்லலாம் என்றால் கேட்டிலும் மடையிலும் மில் ஆட்கள் அரிவாளோடு உட்கார்ந்திருந்தார்கள், மூன்றாம் நாள் ராத்திரி ஓடப்பார்த்தவனைப் பிடித்துவந்து காலை முறித்துப் போட்டார்கள். தம்பிக்காகச் சீனியம்மாள் புருஷன் காலில் விழுந்திருக்கிறாள். அன்றைக்கு அவள் வலது காதிலும் பஞ்சு வைத்திருந்ததைப் பார்த்தேன்.

சந்தை நாள் வந்தது. பஜார் நடுவே மேடை போட்டு, இரண்டு பக்கமும் குலையோடு வாழைமரம் கட்டி, மைக் வைத்திருந்தார்கள். மேடைக்குக் கீழே கயிற்றுக்கட்டிலில் சந்தனராஜைப் படுக்கவைத்திருந்தார்கள், மூக்கில் பஞ்சு அடைத்திருந்தது. நாற்பது பேரும் பிரஷைச் சிவப்பில் தோய்த்துக்கொண்டு ஏணிமேல் நின்றார்கள். ஊரே வந்திருந்தது. வந்தவர்களில் ஒருவரும் ஒன்றும் செய்யப்போவதில்லை என்பது எங்களுக்குத் தெரியும், ஆனாலும் வந்திருந்தோம். பன்னிரண்டுக்குக் கால்மணி இருக்கும்போது சீனியம்மாள் என் கடை வாசலுக்கு வந்தாள். நான் எழுந்து வலப்பக்கம் போனேன்.

"அண்ணாச்சி, ஒங்க வாட்ச்சக் கொஞ்சம் தாங்க" என்றாள்.

எதற்கென்று கேட்காமல் கழற்றிக் கொடுத்தேன். இந்தக் கதையில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

அவள் அதைக் கட்டிக்கொண்டு மேடையேறினாள். தம்பிக்காகக் கெஞ்சப்போகிறாள் என்று நினைத்துக் கூட்டம் விலகியது, கோட்டைச்சாமியும் அப்படி நினைத்துத்தான் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவள் கெஞ்சவில்லை. கடிகாரத்தைக் கழற்றினாள். முந்தானையால் துடைத்து, மைக் மேசைமேல் முகம் கீழே இருக்கும்படி வைத்தாள். முழங்கைவரை வந்த ரவிக்கைக் கையை இரண்டு மடிப்பு மடித்தாள், அதுவரை நான் துணி போட்டு மறைத்துத் தந்த பச்சையும் கறுப்பும் எல்லோருக்கும் தெரிந்தது. மைக்கில், இருபது வருஷத்தில் முதல் தடவையாகப் புருஷன் பெயரைச் சொன்னாள்.

"கோட்டைச்சாமி."

பிரியமாகத்தான் சொன்னாள். பிறகு அவரைத் தொடாமல், திரும்பி, மேடையோரத்து வாழைமரத்தை இடது புறங்கையால் காது உயரத்தில் அடித்தாள். அடித்துவிட்டுக் காத்திருந்தாள்.

கோட்டைச்சாமியின் இடது புறங்கை விரல் முட்டியிலிருந்து மணிக்கட்டுவரை கிழிந்தது. அவர் அதையே பார்த்தார். வெள்ளை வேட்டியில் ரத்தம் விழ விழப் பார்த்தார். இப்போது அவளைக் கொன்றுவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் முகம் மலர்ந்தது. கையைத் தூக்கி, முதல் பரிசு வாங்கியவர் மாதிரி நாலு பக்கமும் காட்டினார்.

"பாத்தீகளாய்யா, எனக்கும் வருது" என்றார். பிறகு அவளைப் பார்த்து நிமிர்ந்து, "இன்னொண்ணு போடு, சீனி" என்றார்.

அவர் நிமிர்வதற்காகத்தான் அவள் காத்திருந்தாள். இரண்டாவதை வைத்தாள். வாழைமரம் நடுங்கியது, கை எலும்பு தெரிந்தது, அவர் சிரித்தார். அதற்குள் மில்லில் பஞ்சு பொறுக்குகிற பெண்கள் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக மேடையேறினார்கள். என் கடிகாரத்தை ஒருத்தி கட்டிக்கொண்டு, கழற்றி, துடைத்து, கவிழ்த்து வைத்து, பெயரைச் சொல்லி, அடித்து, காத்திருந்து, அடித்துவிட்டு அடுத்தவளிடம் கொடுத்தாள். ஒருத்திக்கும் ஒரு சின்னத் தப்புக்கூட வரவில்லை, பழக அவர்களுக்கு எத்தனையோ வருஷம் இருந்தது. நிறுத்தச் சொல்லி அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மில் ஆட்கள் பாய்ந்திருப்பார்கள். அவர் சொல்லவில்லை. ஒவ்வொரு அடிக்கும் கையைக் கூட்டத்துக்குக் காட்டிக்கொண்டே இருந்தார், தோள்வரை கிழிந்து தொங்கிய பிறகு வலது கையால் தூக்கிப் பிடித்துக் காட்டினார். பத்தாவது பெண், அவர் நிமிர்வதற்குக் காத்திருந்தபோது, அவர் நிமிரவில்லை. முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. பன்னிரண்டு மணிக்குச் சங்கு ஊதியது, நாற்பது பேரும் பிரஷை வாளியில் போட்டுவிட்டு ஏணியிலிருந்து இறங்கினார்கள். சீனியம்மாள் கீழே வந்து தம்பியின் மூக்கிலிருந்த பஞ்சை எடுத்துப் போட்டாள். இன்ஸ்பெக்டர் வாழைமரத்தைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, இதற்கும் செக்‌ஷன் இல்லை என்று சொன்னார்.

கூட்டம் கலைந்தபோது பெண்கள் பேசிக்கொண்டே போனார்கள், ஆண்கள் கொஞ்சம் பின்தங்கி நடந்தார்கள். வீட்டு வாசலை எட்டியதும் ஒவ்வொருவனும் கொஞ்சம் தயங்கி நின்று உள்ளே போனதைப் பார்த்தேன். கடிகாரத்தைக் கழுவிக் கட்டிக்கொண்டு நானும் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன்.

என் மனைவி வெள்ளத்தாய் தட்டு வைத்துச் சோறு போட்டாள். அடுப்படி மூலையில் அரிசித் தகரம் நின்றது. தினமும் பார்க்கிற தகரம்தான், அதன் அடிப்பக்கத்தில் ஒரு குழி இருப்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். உள்ளங்கையில் அடங்குகிற அளவுக் குழி. இது எப்போது நசுங்கியது என்று கேட்டேன்.

"ஆடி மாசம். ஒங்க குதிகால் வெடிச்சுச்சுல்ல, அன்னைக்கு" என்றாள்.

நான் கோபம் வந்தால் எழுந்திருக்க மாட்டேன். உட்கார்ந்தபடியே, திரும்பிக்கூடப் பார்க்காமல், பரிமாற வந்தவளை வலது குதிகாலால் பின்பக்கமாக உதைப்பேன். உதைத்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி ஒரு சொம்பு தண்ணீர் கேட்பேன். ஆடியில் அந்தக் காலையிலும் அப்படித்தான் செய்துவிட்டுக் கடைக்குப் போனேன். அதை இத்தனை நாள் சத்தம் போட்டேன் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன், உங்களிடமும் அப்படியேதான் சொன்னேன்.

"ஊர்ல எல்லாருக்கும் வருதே, ஒங்களுக்கும் வருமான்னு ஒரு தடவ ஒதச்சுப் பாத்தேன்" என்று குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள். "வந்துச்சா வரலையான்னு எனக்குத் தெரியல. சாயங்காலம் நீங்களே கட்டுப் போட்டுக்கிட்டு வந்து தெருப் பூராவும் பெருமையாக் காட்டுனீக."

அருணகிரி தோளில் என் கத்தரிக்கோல் இறங்கிய இடம் கண்முன் வந்தது. வெள்ளத்தாய் எனக்கு எதிரே, தகரத்துக்குப் பக்கத்தில், வலது காலை மடக்காமல் நீட்டி உட்கார்ந்துகொண்டு நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விக்கல் எடுத்தது. ஆனாலும் சாப்பிட்டு முடிக்கும்வரை நான் தண்ணீர் கேட்கவில்லை.